சிறுநீரக நோயாளியின் வாழ்க்கைத் தரத்தைக் கேட்டறிவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு வீடாகப் போய் நோயின் வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதை லேப் சீட்டு சொல்லிவிடும். ராத்திரி தூக்கம் வந்ததா, சோறு இறங்கியதா, பேத்தி கல்யாணத்துக்குப் போய்வர முடிந்ததா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதல் படி: கேள்வித்தாள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் பல நாடுகளில் பயன்படுத்துவது, சிறுநீரக நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கே.டி.க்யூ.ஓ.எல்-36 (KDQOL-36) என்ற 36 கேள்வித் தாள். முதல் 12 கேள்விகள் பொதுவான உடல்நலமும் மனநலமும். 13 முதல் 16 வரை, நோய் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது. 17 முதல் 28 வரை உடல் தொந்தரவுகள்: அரிப்பு, தசைப்பிடிப்பு, மூச்சுவாங்கல், கைகால் மரத்துப்போதல் போன்றவை. கடைசி 8 கேள்விகள் தண்ணீர்க் கட்டுப்பாடு, பத்தியம், பயணம், தாம்பத்தியம் என்று அன்றாட வாழ்க்கைக்குள் வருகின்றன. தமிழ் வடிவம் வேண்டும் என்று சிறுநீரகப் பிரிவில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வித் தாள் தமிழில் உண்டு. அது சிறுநீரகத்துக்கென்று அமைந்ததல்ல, ஆனாலும் உதவும்.

மொழிதான் பாதி வேலை

நம் பகுதியில் தாள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகிறது. படித்துக்கொண்டே தமிழாக்கிச் சொல்லிவிடலாம் என்று நானும் நினைத்தேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஓர் ஆத்தாவிடம், மனம் சோர்ந்திருந்ததா என்ற கேள்வியை மலையாளச் சொல்லை மாற்றாமலே கேட்டேன்: “விஷமம் உண்டா ஆத்தா?” மலையாளத்தில் அது மனவருத்தம். ஆத்தா காதில் விழுந்தது தமிழ் விஷமம். “நான் யாருக்கும் ஒரு விஷமமும் செய்ததில்லை, கண்ணு” என்றார். ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மறுவாரம் போய், “போன நாலு வாரத்தில் மனம் சோர்ந்து, துவண்டுபோய் இருந்ததுண்டா?” என்று கேட்டேன். கதவோரம் ஆணியில் அரை லிட்டர் பாட்டில் தொங்கியது. அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர் அவ்வளவுதான், மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். அதைப் பார்த்துக்கொண்டே, “எப்போதும்தான்” என்றார்.

ஆகவே, போகும் முன்பே சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். க்ஷீணம் என்றால் அசதி, சொறிச்சில் என்றால் அரிப்பு. அச்சிட்ட தமிழ்த் தாள் கையில் இருந்தால் அதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.

நேரமும் தனிமையும்

டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையில் கேட்காதீர்கள். தலை தூக்க முடியாத களைப்பில் எல்லாமே கெட்டதாகத் தெரியும். இடைநாளில் போங்கள். அடுத்த முறையும் அதேபோன்ற நாளில், அதே தாளோடு போங்கள்.

‘குடும்பத்துக்கு நான் பாரமாக இருக்கிறேன்’ என்ற வாக்கியம் தாளில் இருக்கிறது. பக்கத்தில் மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் அதற்கு உண்மையைச் சொல்வார்? மருந்துச் சீட்டை எடுத்துவரச் சொல்லியாவது மகனைச் சற்று வெளியே அனுப்புங்கள். மகன் சொல்லும் பதில் மகனுடைய பதில்தான். தாம்பத்தியக் கேள்வியைப் பெண்ணிடம் பெண்ணும் ஆணிடம் ஆணும் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மதிப்பெண்

13 முதல் 36 வரை ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என்று மதிப்பு. 100 நல்ல நிலை. பாரம் பற்றிய நான்கு கேள்விகளுக்கு 25, 0, 50, 25 வந்தால் கூட்டினால் 100, நான்கால் வகுத்தால் 25. பதில் சொல்லாத கேள்வியை விட்டுவிட்டு, சொன்னவற்றுக்கு மட்டும் சராசரி எடுங்கள். முதல் 12 கேள்விகளின் கணக்கு வேறு. அதற்கான கணினிக் கணக்குத்தாளில் போட்டால் வந்துவிடும்.

இந்த எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவரவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பதில் கிடைத்த பிறகு

நெஞ்சுவலி என்றாலோ மூச்சு முட்டுகிறது என்றாலோ தாளை மூடிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். நர்ஸிடம் அன்றே சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலும் பேசலாம். அரிப்புக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடியிருப்பதும், அசதிக்கு ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம், மருந்துண்டு. வயதானால் இப்படித்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

டாக்டரிடம் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: போன முறை எண், இந்த முறை எண், அடியில் நோயாளி சொன்ன ஒரு வாக்கியம், அவர் சொன்னபடியே. ஆத்தாவின் தாளில் நான் எழுதியது: “தாகம்கூடப் பொறுத்துக்கொள்வேன், ராத்திரி அரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.”