செகண்ட் ஹேண்டில் ஏஎம்டி கார் வாங்கலாமா?

அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் என்ற பேச்சே எழுந்தது. கிளட்சை மிதிக்கிற கால் அது. பட்ஜெட் நாலு லட்சம். அந்தப் பணத்துக்கு கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் புரோக்கர்கள் எங்களுக்குக் காட்டிய ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெரும்பாலும் ஏஎம்டிதான். ஒன்றை வாங்கினோம், வாங்கும்போது ஒரு தப்பும் செய்தோம். அதே தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்குத்தான் இது.

முதலில், ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) என்றால் என்ன என்பது தெரியாமல் பார்க்கவே போகாதீர்கள். மேனுவல் வண்டியில் இருக்கிற அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட்தான் இதிலும். கிளட்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்று ஒன்றைப் பொருத்தி, எப்போது மாற்றுவது என்ற முடிவை ஒரு கம்ப்யூட்டரிடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பல மாடல்களில் சின்ன மின்சார பம்ப் ஒன்று ஆயிலை அழுத்திக் கொடுக்க, அந்த அழுத்தத்தில் ஆக்சுவேட்டர் வேலை செய்யும். நம் ஊரில் 2014இல் மாருதி செலேரியோவோடுதான் இது சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது. மாருதி இதை ஏஜிஎஸ் என்கிறது, ரெனோ ஈஸி-ஆர் என்கிறது. மைலேஜ் குறையும் என்று பயப்பட வேண்டாம், அந்த முதல் செலேரியோவுக்கு மேனுவல், ஏஎம்டி இரண்டுக்குமே சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர்தான். ஆக, நீங்கள் பார்க்கப் போவது கிளட்ச் பெடல் இல்லாத ஒரு மேனுவல் வண்டி. கிளட்ச் தேய்ந்திருக்கிறதா, அதை இயக்குகிற ஆக்சுவேட்டர் ஒழுங்காக இருக்கிறதா, இந்த இரண்டில்தான் உங்கள் பணம் நிற்கிறது.

புரோக்கர் 'ஆட்டோமேட்டிக் சார்' என்று சொன்னால் எந்த ஆட்டோமேட்டிக் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே பேரில் இரண்டு விதம் வந்திருக்கிறது. பலேனோ 2022 தொடக்கம் வரை சிவிடி (கியர் படிகளே இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக்), அதற்கப்புறம் வந்தது ஏஎம்டி. பிரெஸ்ஸாவில் பழைய டீசல் ஆட்டோமேட்டிக் ஏஎம்டி, பெட்ரோல் ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்துகிற ரகம்). விலையும் வேறு, ரிப்பேர் செலவும் வேறு, ஓட்டுகிற சுகமும் வேறு.

யார் வாங்கலாம்? தினமும் மாயவரம் டவுனுக்குள்ளோ கும்பகோணம் கோயில் வீதிகளிலோ ஊர்ந்து போகிறவர்கள், கால் வலிக்காரர்கள், புதிதாக வண்டி கற்றுக்கொண்டு கியருக்குப் பயப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வண்டியை விரட்டுகிற பையன் வீட்டில் இருந்தால் யோசியுங்கள். நம் ஆற்றங்கரை ரோடு எப்படி என்று தெரியும், ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், முன்னால் கரும்பு டிராக்டர், எதிரே டவுன் பஸ். இந்த இடத்தில் ஓவர்டேக் செய்ய ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏஎம்டி கியர் குறைக்க ஒரு கணம் எடுத்துக்கொள்ளும், அந்த ஒரு கணம் வண்டிக்கு இழுவையே இருக்காது. லீவரை முன்கூட்டியே எம்-க்கு, அதாவது மேனுவலுக்குத் தள்ளி நாமே ஒரு கியர் குறைத்துவிட்டு ஏறினால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. அப்பாவுக்கு வந்தது, எனக்கு வரவில்லை.

சரி, எங்கள் தப்புக்கு வருகிறேன். டெல்டாதான் தட்டையான பூமி ஆயிற்றே, மலையா ஏறப் போகிறோம் என்று நினைத்தோம். ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று இங்கே வீட்டை ரோட்டிலிருந்து மூன்றடி நாலடி உயர்த்திக் கட்டி, வாசலில் செங்குத்தாக ஒரு ரேம்ப் போட்டுவிடுகிறோம். வண்டியின் கிளட்சைக் காலி செய்வது அந்த ரேம்ப்தான். அதில் ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக ஏற்றும்போதும், மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டராலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கும்போதும், பிளேட் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வெந்துகொண்டிருக்கும். நாங்கள் வண்டியைப் பார்த்தது ஒரு காலை பதினோரு மணிக்கு. விற்றவர் அதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார், டெஸ்ட் டிரைவ் பூராவும் சமமான ரோடு. வெண்ணெய் மாதிரி போனது. அன்று ராத்திரி எங்கள் வாசலில் ஏற்றும்போதுதான் வண்டி மொத்தமும் உதறி, கருகல் நாற்றம் அடித்தது. மூன்றே மாதத்தில் கிளட்ச் செட் மாற்றினோம். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது, காலையில் யாரும் ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள். பல ஏஎம்டி வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததுமே 'ர்ர்ர்' என்று பம்ப் ஓடி நிற்கும், அது கோளாறு இல்லை. ஓடி நிற்க வேண்டும், அதுதான் விஷயம். நிற்காமல் நெடுநேரம் ஓடினாலோ, சும்மா நிற்கிற வண்டியில் சில நொடிக்கு ஒருமுறை ஓடினாலோ அழுத்தம் எங்கேயோ கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தபடி என் (நியூட்ரல்), டி (டிரைவ்), ஆர் (ரிவர்ஸ்) என்று நாலைந்து முறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரத்தில் கியர் விழ வேண்டும்; ரிவர்ஸ் விழத் தயங்கினால், அல்லது மீட்டரில் எழுத்து மின்னிக்கொண்டே இருந்தால், அங்கேயே விலகிவிடலாம்.

பிறகு டி-யில் வைத்து பிரேக்கை மட்டும் மெதுவாக விடுங்கள். ஆக்சிலேட்டர் தொடாமலே வண்டி ஊர வேண்டும், உதறாமல் ஊர வேண்டும். 2016இல் வந்த முதல் ரெனோ க்விட் ஏஎம்டிக்கு இந்த ஊர்தலே கிடையாது, அதனால் அந்த வண்டியில் இதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது தலை லேசாக முன்னே ஆடும். அது இந்த கியர்பாக்ஸின் பிறவிக்குணம், அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் பாதி போய்விடும். 'டக்' என்று இடிக்கிற சத்தம் வந்தால் மட்டும் அது வேறு கதை. காலி ரோட்டில் எம்-மில் மூன்றாவது கியரில் முப்பது, நாற்பது வேகத்தில் போய்க்கொண்டே நன்றாக மிதியுங்கள். எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கடைசியாக, வெட்கப்படாமல் ஒரு ரேம்பிலோ பாலத்திலோ ஏற்றிப் பாருங்கள், முன்னாலும் பின்னாலும். ஹில் ஹோல்ட் இருக்கிற மாடல் என்றால் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் வழுகாமல் ஓரிரு நொடி நிற்கும்.

ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதைப் படிக்கிற கருவி, வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஏஎம்டியைக் காதால் மட்டும் கேட்டுச் சொல்ல முடியாது. பழைய எரர் கோடுகள், சில மாடல்களில் கிளட்ச் தேய்மானம்கூட ஸ்கேனரில் தெரியும். கிளட்ச் மாற்றியாகிவிட்டது என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள், கூடவே ஸ்கேனர் போட்டு கேலிபரேஷன் செய்தார்களா என்றும் கேளுங்கள். புதுப் பிளேட் எங்கே பிடிக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் புது கிளட்சும் உதறும். கிளட்ச் செட் ஆயிரங்களில் முடிகிற சமாசாரம், ஆக்சுவேட்டர் போனால் பத்தாயிரங்களில் போய் நிற்கும். புதிதாக வாங்கும்போதே மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் சுமார் 40, 50 ஆயிரம்தான் வித்தியாசம். ஆறேழு வருஷ வண்டிக்கும் அதே வித்தியாசத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கிளட்ச் மாற்றிய பில் இல்லாமல் அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி என்றால் ஒரு கிளட்ச் செட் விலையைக் கழித்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். 'ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி' என்பார்கள். நான் பார்த்த ஆறு வண்டியில் நாலு டாக்டர் வண்டி.

தண்ணீர் பார்த்த வண்டியா என்பதை எந்தக் காரிலும் பார்க்க வேண்டும், வயரும் சென்சாரும் கூடுதலாக இருக்கிற ஏஎம்டியில் இரண்டு மடங்கு பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் சென்னையிலேயே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும், ஸ்டெப்னி குழியில் வண்டல் தெரியும், மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டில் நாற்றம் தெரியும். மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்து வண்டி, 2018க்கு முந்தைய மாடல் என்றால் கூரையைத் தடவிப் பாருங்கள், கஜா புயலில் மரம் விழுந்து பட்டி பார்த்த வண்டியும் உண்டு. எலியையும் மறக்க வேண்டாம். அறுவடை முடிந்ததும் வயல் எலி ஷெட்டில் நிற்கிற காருக்குள் குடியேறும், அது கடித்த வயரை டேப் சுற்றி மறைத்திருப்பார்கள்.

காகிதத்தில் நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. பிஒய் 02 நம்பர் என்றால் காரைக்கால் வண்டி. நாகைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருந்தாலும் அது வேறு நிர்வாகம். தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். விலை குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அந்த வரியைக் கூட்டிப் பாருங்கள். மற்றபடி பேர் மாற்ற படிவம் 29, 30, லோன் இருந்திருந்தால் அதை நீக்க 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

வாங்கியாயிற்றா? நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் டி-யில் வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்காராதீர்கள், என்-னில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். வரிசை நகரும்போது ஒவ்வொரு அடிக்கும் ஊராமல், கொஞ்சம் இடைவெளி விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். பேட்டரி வீக் ஆக விடாதீர்கள், பேட்டரி போனால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, கியரில் நின்றுபோனால் தள்ளவே முடியாது. அப்புறம் இதில் மற்ற ஆட்டோமேட்டிக் மாதிரி பி (பார்க்கிங்) என்ற இடமே கிடையாது. நிறுத்தும்போது கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மீட்டரில் கியர் எழுத்து தெரிகிறதா என்று பார்த்த பிறகு எஞ்சினை அணையுங்கள். ரேம்பில் என்-னில் விட்டு ஹேண்ட்பிரேக்கையும் மறந்து இறங்கினால், வண்டி எதிர்த்த வாய்க்காலுக்குத் தானாகவே போய்ச் சேரும்.