டி2 மடக்குக் கத்தி சீக்கிரம் மழுங்கியதைச் சரிசெய்த விதம்

டி2 என்ற கருவி எஃகில் செய்த புதிய கத்தி, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60 என்று குறித்திருந்தது. ஆனால் பத்து அட்டைப்பெட்டி கிழிப்பதற்குள் காகிதத்தில் சிக்கி இழுத்தது. லென்ஸில் பார்த்தேன்: கூர் சில்லு போகவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து மடங்கியிருந்தது. எஃகு மெத்தென்றிருந்தால் மடங்கும். கடினம் மிஞ்சி, கூரும் மெல்லியதாக இருந்தால் சில்லு போகும்.

முதுகில் அரம் வைத்தால் வழுக்கியது. ஆக, அலகு கடினம்தான், கெட்டது கூர் மட்டுமே. தண்ணீர் இல்லாமல் பெல்ட்டில் சாணை பிடிக்கும்போது மெல்லிய கூர் அளவுக்கு மீறிச் சூடாகி இளகிவிடும். நீலம் பாய்ந்தால்தான் கெட்டது என்றில்லை. அந்த நிறம் அடுத்த உரசலிலேயே போய்விடும்.

400 கிரிட் (மணிகளின் நுண்மை அளவு) வைரக் கல்லை நனைத்து, பக்கத்துக்கு 18 டிகிரியில், இளகிய பகுதியைக் கால் மில்லிமீட்டர் வரை தேய்த்து எடுத்தேன். பிறகு 1000 கிரிட். தேய்த்தபின் கூரில் ஒட்டி நிற்கும் பிசிறுதான் இங்கே ஏமாற்றும்: அதோடு விட்டால் முதல் நாள் சவரக்கத்தி போல வெட்டும், மறுநாள் மழுங்கும். பக்கம் மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் படும்படி ஏழெட்டு இழுப்பு; கடைசியில் தோல் பட்டை.

கடின எண் ஒன்றையே நம்ப வேண்டாம். இரண்டும் 59-இல் இருந்தாலும், 8சிஆர்13எம்ஓவி என்ற மலிவான துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, அட்டை வெட்டுவதில் டி2-க்கு முன்பே மழுங்கும். டி2-இல் சுமார் 1.5% கார்பன், 12% குரோமியம். அவை சேர்ந்து உண்டாகும் கார்பைடு என்ற கடினமான துகள்கள்தான் தேய்மானத்தைத் தாங்குகின்றன.