அரைத்த தாதுவின் துகளளவு: கரண்டியிலிருந்து சைக்ளோன் வரை நேரும் தவறுகள்

ராஜஸ்தானின் ஜாவரிலும் ராம்புரா அகூச்சாவிலும் கிடைக்கும் ஈய-துத்தநாகத் தாதுவில், கலீனாவும் (ஈயக் கனிமம்) ஸ்பேலரைட்டும் (துத்தநாகக் கனிமம்) பாறையோடு பின்னிக் கிடக்கின்றன. கனிமத் துகள்களைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டி மேலேற்றும் நுரை மிதப்பு முறையில் அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் முதலில் அளவாக அரைத்தாக வேண்டும். அரைவை போதாவிட்டால் கனிமம் பாறையை விட்டு விடுபடாது. மிஞ்சிவிட்டால் 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாகி, குமிழியில் ஒட்டாமல் கழிவோடு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்கு ஆலைகள் நம்பியிருப்பது ஒரே எண்ணைத்தான்: துகள்களில் 80 சதவீதம் எந்த அளவுக்குள் அடங்குகிறது என்பது. அந்த எண் பிசகும்போது எல்லோரும் அரைவை ஆலையைக் குறைசொல்கிறார்கள். என் அனுபவத்தில், பாதி நேரம் பிசகியிருப்பது சோதனைக்கு எடுத்த மாதிரிதான்.

அரைத்த தாதுவும் நீரும் கலந்து ஓடும் கூழில் கனமான, பருத்த துகள்கள் அடியில் தங்கிப் போகும். நுண்துகள்கள் மேலே மிதந்து வரும். ஆகவே வாய்க்கால் ஓரத்தில் நின்றபடி கரண்டியை மேலாக அமிழ்த்தி எடுப்பவர் ஆலையின் அரைவையை அளப்பதில்லை, வாய்க்காலின் மேல்பரப்பை அளக்கிறார். கூழ் கீழே விழும் இடத்தில், முழு ஓட்டத்தையும் ஒரே வேகத்தில் குறுக்காகக் கடந்து எடுப்பதே முறையான மாதிரி. அப்படி மாதிரி எடுக்கும் வெட்டியின் வாய் மிகப் பெரிய துகளைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது அகன்றிருக்க வேண்டும். அது நிரம்பி வழிந்துவிட்டால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடியும் எடுப்பது நல்லது. இத்தனை கவனமாக எடுத்த மாதிரியையும், உலர்த்திய பிறகு தட்டில் குவித்து உச்சியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கெடுத்துவிடுபவர்கள் உண்டு. குவிக்கும்போதே பருத்தவை சரிந்து அடிவாரத்துக்குப் போய்விடுகின்றன. எனவே மாதிரியைப் பகுப்பதற்குப் பள்ளவரிசைப் பகுப்பானைத்தான் (வரிசையான பள்ளங்கள் வழியே மாதிரியை இரண்டாகப் பிரிக்கும் கருவி) பயன்படுத்த வேண்டும்.

சல்லடைக்கு வருவோம். நுண்தூள் மிகுந்த மாதிரியை உலர்ந்த நிலையில் மட்டும் சலித்தால், தூள் பருத்த துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டும் தமக்குள் கட்டிகளாகச் சேர்ந்துகொண்டும் சல்லடையின் மேலேயே தங்கிவிடும். அரைவை உண்மையில் இருப்பதைவிடப் பருமனாகத் தெரியும். முதலில் 75 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு, வடியும் நீர் தெளியும்வரை கழுவி, மேலே தங்கியதை உலர்த்திய பிறகே சல்லடை அடுக்கில் இட வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், நான்கு நாட்களாக 75 மைக்ரான் பாய்வு, அதாவது அந்தச் சல்லடை வழியே இறங்கும் பங்கு, திடீரென உயர்ந்து நின்றது. அரைவை நுண்மையாகிவிட்டது என்று நினைத்து, ஷிப்டுக்கு ஷிப்டு கூழில் சேர்க்கும் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தும் எண் இறங்கவில்லை. கடைசியில் ஒருவர் சல்லடையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வளையத்தை ஒட்டி, விரல் நகம் நுழையும் அளவுக்குக் கம்பிவலை பிரிந்திருந்தது. கண்ணிகளில் சிக்கிய துகள்களை எடுக்க யாரோ முரட்டுத் தூரிகையால் தேய்த்திருக்கிறார்கள். சல்லடைகளில் தங்கியவற்றின் மொத்த எடை, இட்ட எடையோடு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அவசியம்தான், ஆனால் கிழிசலை அது காட்டிக்கொடுக்காது. மெஷ் எண்ணை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்ற எண்) மட்டும் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும்: 10 மெஷ் கண்ணியின் அகலம் அமெரிக்கத் தரத்தில் 2 மில்லிமீட்டர், டைலர் சல்லடை வரிசையில் 1.7 மில்லிமீட்டர்.

துகளளவைக் காட்டும் லேசர் கருவி வந்தபின் சல்லடை தேவையில்லை என்று நினைப்பவர்கள், இரண்டும் அளப்பது வேறுவேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். தட்டையான துகள் சல்லடைக் கண்ணியில் தன் அகலத்தைப் பொறுத்தே நுழைகிறது; லேசர் கருவியோ ஒவ்வொரு துகளையும் உருண்டையாகக் கருதிக் கணக்கிடுகிறது. அகூச்சா தாதுவில் கிராஃபைட்டும் மைக்காவும் கலந்திருப்பதால், அங்கே இரு முறைகளின் எண்களும் விலகுவது இயல்பு. ஆகவே சல்லடைப் பதிவேட்டின் தொடர்ச்சியாக லேசர் எண்ணை எழுதக் கூடாது.

மாதிரியும் சல்லடையும் சரியாக இருந்தும் ஏமாற்றும் தவறு ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஹைட்ரோசைக்ளோன் என்பது கூழைச் சுழற்றி, நுண்துகள்களை மேல்வழியாக வழியவிட்டு (வழிவு), பருத்தவற்றை அடிவாய் வழியாக அரைவை ஆலைக்கே திருப்பும் கூம்பு. அது துகளின் அளவை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை, அடர்த்தியையும் பார்க்கிறது. கலீனாவின் ஒப்படர்த்தி 7.5, ஜாவர் தாதுவைச் சூழ்ந்துள்ள டாலமைட்டுக்கு 2.85. கணக்கிட்டுப் பார்த்தால் 40 மைக்ரான் கலீனாத் துகள், ஏறத்தாழ 75 மைக்ரான் டாலமைட் துகளைப் போலவே சைக்ளோனில் நடந்துகொள்ளும். போதுமான அளவு அரைபட்ட கலீனாவும் அடிவாய் வழியாக ஆலைக்கே திரும்பி, மீண்டும் மீண்டும் அரைபட்டுச் சேறாகிறது. ஆனால் மொத்தக் கூழின் 80 சதவீதப் பாய்வு எண் ஒழுங்காகவே தெரியும். சலித்த ஒவ்வொரு பகுதியிலும் ஈயம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பகுத்துப் பார்த்தால்தான் இது வெளிப்படும். சில ஆலைகள் அரைவைச் சுற்றுக்குள்ளேயே, சைக்ளோன் அடிக்கூழில் ஒரு மிதப்புக் கலத்தை வைத்து, விடுபட்ட கலீனாவை உடனே எடுத்துவிடுகின்றன. பரிசோதனைச் செலவு கூடுகிறது என்று சலித்த பகுதிவாரியான ஈயப் பகுப்பாய்வை நிறுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வீண் சிக்கனம்.

சந்தேகம் வந்தால் இன்னும் நுண்மையாக அரைத்துவிடலாம் என்பதும் மலிவான யோசனை அல்ல. பாண்ட் 1952-இல் தந்த சமன்பாட்டின்படி, அரைவைக் குறியெண் (தாது அரைபட எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்) 12 கொண்ட தாதுவை 2500 மைக்ரானிலிருந்து 100 மைக்ரானுக்கு அரைக்க டன்னுக்கு 9.6 யூனிட் மின்சாரம் தேவை. 75 மைக்ரானுக்கு இறக்கினால் அது சுமார் 11.5 யூனிட் ஆகிறது.

சைக்ளோன் வழிவு பருத்துவிட்டால் சம்ப்பில் (சைக்ளோனுக்குக் கூழை அனுப்பும் தொட்டி) தண்ணீரைக் கூட்டுவது ஆபரேட்டரின் முதல் எதிர்வினை. கூழ் நீர்த்தால் பிரிப்பு நுண்மையாவது உண்மைதான். ஆனால் கூடுதல் நீர் அப்படியே மிதப்புக் கலங்களுக்குப் போய், கூழ் அங்கே தங்கும் நேரத்தைக் குறைத்துவிடுகிறது. எனவே குழாயைத் திருகுவதற்கு முன் சைக்ளோனின் அடிவாயைப் போய்ப் பார்க்க வேண்டும். கூழ் குடை விரித்தாற்போல் சிதறி விழுந்தால் சரி. கயிறு முறுக்கியதுபோல் விழுந்தால், வெளியேற வழியில்லாத பருத்த துகள்கள் மேலேறி வழிவில் கலக்கின்றன என்று பொருள். அப்போது அடிவாய் வளையத்தைப் பெரிதாக்கவோ, இன்னொரு சைக்ளோனைத் திறக்கவோ வேண்டும். குடை மிக அகலமாகி, அடிக்கூழ் தண்ணீராக ஓடினால் வளையம் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வேண்டும்.