வெள்ள மேப் போடணுமா, ட்ரோன கோடைலயே பறக்கவிடுங்க

மழை பேஞ்சு தண்ணி நிக்கும்போது ட்ரோன தூக்கிட்டு ஓடுனா வீடியோ நல்லா வரும், மேப் வராது. போட்டோவ ஒட்டுற சாஃப்ட்வேர் ஒரே புள்ளிய நாலஞ்சு போட்டோல கண்டுபிடிச்சுதான் உயரம் கணக்கு போடுது, அசையற தண்ணில அப்படி ஒரு புள்ளியே சிக்காது, அடியில தரை எப்படி இருக்குன்னும் தெரியாது, நமக்கு வேணுங்கறதே அந்த தரைதான். அதனால ஏப்ரல், மே மாசம் ஏரி காஞ்சு கெடக்கறப்பவே பறக்கவிட்டுருங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு, கடலே இல்லாத நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல டிசம்பர் 2 காலை வரைக்குமான 24 மணி நேரத்துல 50 செ.மீ. மழை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன், கார்லாம் உருண்டு போன வீடியோ பாத்திருப்பீங்க. அது ஏரி நெறஞ்சு கோடி (உபரித் தண்ணி வெளியேறுற இடம்) வழியா ரோட்டு மேல வந்த தண்ணி. அதனால தென்பெண்ணை முழுசையும் மேப் போடுறேன்னு கிளம்பாதீங்க, அதுக்கு சாட்டிலைட் இருக்கு. ஒரு ஏரி, அதோட கோடி, அங்கிருந்து அடுத்த ஏரி வரைக்கும் போற ஓடை, ட்ரோனுக்கு சரியான சைஸ் இதுதான்.

மொதல்ல ரூல்ஸ். 2021 ட்ரோன் விதிப்படி கிரீன் ஜோன்ல (முன் அனுமதி இல்லாம பறக்கக்கூடிய பகுதி) 400 அடி வரைக்கும் பறக்கலாம், ஆனா எந்த ஜோன்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாக்காம ஏத்தாதீங்க, ஓசூர் பக்கம் விமான ஓடுதளம் இருக்கு. 2 கிலோவுக்கு உள்ள இருக்கற ட்ரோன சொந்த வேலைக்கு ஓட்ட பைலட் சர்டிஃபிகேட் வேணாம், காசு வாங்கிட்டு பண்ணா 250 கிராமுக்கு மேல இருக்கற ட்ரோனுக்கு வேணும். காட்டுப் பக்கம்னா வனத்துறை அனுமதி. பஞ்சாயத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லன்னா நிலம் அளக்க வந்துட்டாங்கன்னு ஊரே கூடிரும்.

பறக்கற உயரம் 100 மீட்டர், போட்டோக்கள் முன்பின்னா 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு விழணும். அந்த 100 மீட்டர் நீங்க ட்ரோன் ஏத்துன இடத்துல இருந்து கணக்கு, நம்ம பக்கம் திடீர்னு பாறைக் குன்று நிக்கும், அதனால தரையோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ட்ரோன் ஏறி இறங்கற டெரெய்ன் ஃபாலோ போடுங்க. தரைல சுண்ணாம்பு பவுடர்ல பெரிய கூட்டல் குறி அஞ்சாவது போட்டு சென்டிமீட்டர் துல்லியத்துல அளக்கற ஆர்டிகே ஜிபிஎஸ்ல அளந்துக்கோங்க, நாலு மூலை, நடுவுல ஒண்ணு. அந்த ஜிபிஎஸ் உயரம் கடல் மட்ட உயரத்த விட 80–90 மீட்டர் கம்மியா காட்டும், பயந்துராதீங்க, ஜிபிஎஸ் உயரத்த கடல் மட்ட உயரமா மாத்தற ஜியாய்டு திருத்தம் போட்டா சரியாகும்.

போட்டோவ ஒட்டி பிராசஸ் பண்ண வெப்ஓடிஎம் சாஃப்ட்வேர் இலவசம், 250 போட்டோவுக்கு 16 ஜிபி ராம் வேணும். டிஎஸ்எம் (மேலாப்புல தெரியற எல்லாத்தோட உயர மேப்) மட்டும் எடுக்காதீங்க, அதுல தென்னமரம், கருவேலம் எல்லாம் மேடா நிக்கும், வெறும் தரை உயரத்த மட்டும் காட்டுற டிடிஎம் ஆப்ஷனையும் டிக் பண்ணுங்க. அடுத்து க்யூஜிஐஎஸ்ங்கற இலவச மேப் சாஃப்ட்வேர்ல ப்ரொஜெக்ஷன் (உருண்டை பூமிய தட்டை மேப்பா மாத்தற முறை), இங்கதான் நம்ம ஊருக்குன்னே ஒரு தலைவலி, 78 டிகிரி தீர்க்கரேகை கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்தையும் குறுக்க வெட்டுது, அதுதான் யூடிஎம்ங்கற மேப் மண்டலங்களோட எல்லை, தர்மபுரி டவுன், ஊத்தங்கரைன்னா யூடிஎம் 44, ஓசூர், பென்னாகரம், ஒகேனக்கல்னா 43. கலந்துட்டா லேயர் எங்கயோ போய் உக்காரும்.

டிடிஎம்ம 1 மீட்டர் பிக்சலுக்கு குறைச்சுக்கோங்க, 3 செ.மீ.ல ஓட விட்டா லேப்டாப் தவிக்கும், பலனும் இல்ல. இப்ப முக்கியமான வேலை, சிறுபாலம். ட்ரோன் மேல இருந்து பாக்கறதால ரோட்ட அணை மாதிரி காட்டும், கம்ப்யூட்டர் அங்க தண்ணிய தேக்கி வெச்சிட்டு ஊருக்குள்ள தப்பா திருப்பிவிடும். அதனால ஓடைய நடந்தே போய் ஒவ்வொரு பாலத்தையும் பைப்பையும் குறிச்சுட்டு, அந்த இடத்துல எல்லாம் டிடிஎம்ம வெட்டிவிடணும். மண்ணு அடைச்ச பைப்ப வெட்டாதீங்க, நிஜத்துலயும் அது வழியா தண்ணி போகாதுல்ல.

அப்பறம் க்யூஜிஐஎஸ்ல ஆர்.வாட்டர்ஷெட்ங்கற டூல ஓட்டுனா தண்ணி போற பாதை கோடா வந்துரும். மேல இருந்து வர்ற நீர்ப்பிடிப்பு உங்க ட்ரோன் ஏரியாவுக்கு வெளிய இருக்கும், அத இஸ்ரோவோட புவன் தளத்துல கிடைக்கற 30 மீட்டர் பிக்சல் சாட்டிலைட் உயர மேப்பான கார்ட்டோடெம்ல எடுத்து சேத்துக்கோங்க, சேக்காட்டி ஓடை குட்டி வாய்க்காலா தெரியும். ஓடைல இருந்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு மேட்டுல இருக்குன்னு கணக்கு போட்டு அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்னு மூணு கலர் குடுங்க.

கலர் வந்ததும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அந்த தெருவுக்கே போய், "2024ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுங்க"ன்னு கேளுங்க, செவுத்துல கறை காட்டுவாங்க, போன்ல க்யூஃபீல்ட்ங்கற மேப் ஆப்ல பாயிண்ட் வைங்க, தரைல இருந்து கறை உயரத்த டேப்புல அளந்து எழுதிக்கோங்க. கறையும் உங்க கலரும் ஒத்துப்போகலன்னா பெரும்பாலும் எங்கயோ ஒரு பாலத்த விட்டிருப்பீங்க, இல்லன்னா புதுசா யாரோ லேஅவுட் போட்டு மண்ணடிச்சிருப்பாங்க.

பஞ்சாயத்துக்கு குடுக்கறப்ப ஏ3ல பிரிண்ட் எடுத்து கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டேங்க் எல்லாம் பேர் போட்டு குடுங்க, ஜிஐஎஸ் ஃபைல யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. வடகிழக்கு பருவமழை அக்டோபர்ல வருது, தூர்வார மெஷின் வரணும்னா மேப் ஜூன்லயே அவங்க கைல இருக்கணும்.