புள்ளைக்கு ஸ்பெஷல் டீச்சர் உதவி வாங்குறது எப்படி? நீலகிரி அம்மா அப்பாக்களுக்கு

என் பொண்ணுக்கு ஆறு வயசுல ஒரு ஸ்கூல்ல "இவளுக்கு இங்க சரிப்படாதும்மா, வேற எங்கயாச்சும் பாருங்க"ன்னு வாயாலயே சொல்லி அனுப்பிட்டாங்க, நானும் அழுதுக்கிட்டே கோத்தகிரி பஸ் ஏறிட்டேன். இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு அங்கீகாரம் வாங்குன எந்த ஸ்கூலும் குறைபாட்டைக் காரணம் காட்டி சேர்க்க மாட்டேன்னு சொல்லக்கூடாது, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு இருந்தா 6 வயசுலேர்ந்து 18 வரைக்கும் இலவசக் கல்வி புள்ளையோட உரிமை. இது எனக்கு அன்னிக்குத் தெரியல.

முதல்ல ஒரு நோட்டும் ஜிப் வச்ச பிளாஸ்டிக் ஃபைலும் வாங்குங்க. நம்ம ஊரு மஞ்சுல பேப்பர் எல்லாம் பூசணம் பிடிச்சுடும், ரெண்டு ஜெராக்ஸ் தனியா இருக்கட்டும். யார்கிட்ட என்னைக்கு பேசினோம், என்ன சொன்னாங்கன்னு நோட்டுல எழுதுங்க.

அடுத்து மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி கார்டும், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை. புள்ளையோட ஆதார், போட்டோ எடுத்துக்கிட்டு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், செல்லுல வரலைன்னா கம்ப்யூட்டர் சென்டர்ல போட்டுத் தருவாங்க. அப்புறம் டாக்டருங்க பார்த்து சதவீதம் போடுவாங்க. மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு சின்ன வயசுல தற்காலிக சான்றிதழ்தான், 5, 10, 18 வயசுல புதுப்பிக்கணும், தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க. கார்டு வரட்டும்னு மட்டும் ஸ்கூல் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீங்க, நான் அப்படித்தான் ஒரு வருஷத்தை விட்டேன்.

ஸ்கூல்ல சேர்த்ததும் ஹெச்.எம்முக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, இதுதான் ரொம்ப முக்கியம். "என் மகளுக்கு சிறப்புப் பயிற்றுநர் மதிப்பீடு தேவை, வட்டார வள மையத்துக்குத் தெரிவிக்கவும்"னு ரெண்டே வரி போதும். சிறப்புப் பயிற்றுநர்னா ஸ்பெஷல் டீச்சர்தான், வட்டார வள மையம்னா வட்டாரத்து ஸ்கூலுங்களுக்கு உதவுற கல்வித்துறை ஆபீஸ். கூடவே ஒரு காப்பி வச்சு அதுல கையெழுத்து, தேதி, சீல் வாங்குங்க. வாயால கேட்டா "பாக்கலாம்மா"தான், பேப்பரா கொடுத்தா அதுக்கு பதில் சொல்லியாகணும். நம்ம மாவட்டத்துல ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்னு நாலு வட்டாரம், உங்களுது எதுன்னு கேட்டு வள மையத்துக்கு நேராவும் போங்க. சிறப்புப் பயிற்றுநரும் பிசியோவும் அது மூலமாத்தான் வருவாங்க, ஸ்கூலுக்கு வரவே முடியாத புள்ளைன்னா வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருக்கு. கூட்டிட்டுப் போக பயணப்படி, துணைக்கு வர்றவங்களுக்கான படி, பொண்ணுன்னா மாசம் 200 ரூபா வீதம் 10 மாசத்துக்கு உதவித்தொகை, இதெல்லாம் கேட்டாத்தான் ஞாபகம் வரும் அவங்களுக்கு.

மதிப்பீடு முடிஞ்சா ஐ.இ.பி போடுவாங்க, புள்ளைக்குன்னே தனியா எழுதுற படிப்புத் திட்டம். அந்த நேரம் நீங்க பக்கத்துல இருக்கணும், கொழுந்து எடுக்கப் போற நாளா இருந்தா ஒரு நாள் கூலி போகும், தெரியும், இருந்தாலும் போங்க. டீச்சருக்கு அ ஆ எழுதுறது முக்கியமா தெரியும், உங்களுக்குத்தான் தெரியும் புள்ளை பாத்ரூம் வருதுன்னு சொல்லக் கத்துக்கிட்டாலே வீட்டுல பாதி பாரம் கொறையும்னு. நான் அதைத்தான் முதல் வரியா எழுதச் சொன்னேன். அப்புறம் பேர் சொன்னா திரும்பிப் பாக்கணும், டம்ளரைத் தானே பிடிச்சுக் குடிக்கணும். "முன்னேற்றம் வேணும்"னு பொத்தாம்பொதுவா எழுத விடாதீங்க, எத்தனை மாசத்துல எதுன்னு கேளுங்க, ஒரு காப்பியும் கேட்டு வாங்குங்க.

மனவளர்ச்சிக் குறைபாடு 40 சதவீதமும் மேலயும் இருந்தா மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு ஊட்டில மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தனியா மனு போடணும்.

இத்தனையும் செஞ்சும் டீச்சர் வரலையா? திங்கக்கிழமை குறைதீர் நாள், ஊட்டி பிங்கர்போஸ்ட்ல இருக்குற கூடுதல் கலெக்டர் ஆபீஸ்ல. சீல் வச்ச லெட்டர் காப்பியை மனுவோட சேர்த்துக் கொடுங்க, அதுதான் உங்க சாட்சி. மனு நம்பரை கையில வாங்காம பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிடாதீங்க.