நாலு பேர் சேர்ந்து ஆடும் மைன்கிராஃப்ட் சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமெல்லாம் புதுசு புதுசாக மைன்கிராஃப்ட் சர்வர்கள் (பிளாக் அடுக்கிக் கட்டும் அந்த விளையாட்டைக் கூட்டாக ஆடும் உலகங்கள்) முளைக்கும். பத்துப் பதினைந்து பசங்க சேர்வார்கள், எல்லாரும் முதலில் தோன்றும் இடமான ஸ்பான் பக்கத்தில் பெரிய கோயிலுக்கு அஸ்திவாரம் போடுவார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அதில் பாதி சண்டை போட்டே மூடிவிடும். காலுக்கு நேர் கீழே தோண்டாதே, நெதர் என்ற நெருப்பு உலகத்தில் படுக்கையை விரிக்காதே என்பதெல்லாம் சின்னப் பசங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். கூட்டமாக ஆடும்போது வரும் வினைகள் வேறு.

கேட்டவனுக்கெல்லாம் ஓபி கொடுப்பது

ஓபி என்றால் ஆபரேட்டர், அதாவது அட்மின் கட்டளைகளை அடிக்கும் உரிமை. அதை வாரிக் கொடுப்பதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

"அண்ணே, நான்தானே எப்பவும் ஆன்லைன்ல இருக்கேன், எனக்கும் ஓபி குடுங்கண்ணே." அட்மின் மனசு இளகி ஒரு வரி அடித்துவிடுவார். சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் ஓபி நிலை 4 என்றுதான் முதலிலேயே இருக்கும். நிலை 2 இருந்தாலே எல்லாப் பொருளும் சும்மா கிடைக்கும் கிரியேட்டிவுக்கு மாறலாம், நினைத்த பொருளை வரவழைக்கலாம், எங்கும் தாவலாம். 3 இருந்தால் மற்றவரைத் தடை செய்யலாம், வேறு யாருக்கும் ஓபி கொடுக்கலாம். 4 என்றால் சர்வரையே நிறுத்தலாம். கேட்டது சின்ன உதவிக்கான உரிமை, போய்ச் சேர்ந்தது முழு அதிகாரம்.

பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒருநாள் சாயங்காலம் லேக் அடிக்கும். கீழே சிதறிக் கிடக்கும் பொருள்களால்தான் என்று எவராவது சொல்வார். புது ஓபி 'கில் அட் ஈ' என்று அடித்து என்டர் தட்டுவார். 'அட் ஈ' என்றால் அப்போது லோடாகியிருக்கும் பகுதிகளில் உள்ள அத்தனை என்டிட்டியும் (ஆள், விலங்கு, கீழே கிடக்கும் பொருள் எல்லாம்). ஆடுகிறவர்கள் சாவார்கள், அது போகட்டும், மறுபடி ஸ்பான் ஆகிவிடலாம். கருவியைப் பழுதுபார்க்கும் மெண்டிங் புத்தகம் விற்கும் லைப்ரரியன் வில்லேஜர் (கிராமத்து ஆள்), பெயர் வைத்து வளர்த்த நாய், குதிரை, சுவரில் மாட்டிய ஐட்டம் ஃப்ரேம் எல்லாமே ஒரு நொடியில் காலி. அடிக்க வேண்டியிருந்தது அதே கட்டளையோடு 'டைப் ஐட்டம்' என்று வகையையும் சேர்த்து. அதுகூடத் தேவையில்லை: கீழே விழுந்த பொருள் லோடான இடத்தில் ஐந்தே நிமிடத்தில் தானாக மறைந்துவிடும்.

இது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் இதைவிட மோசம். நண்பனின் செஸ்டில் (பெட்டியில்) ஒரே ஒரு ஸ்டாக் (64) வைரத்தை வரவழைத்துப் போட்டது வெளியே தெரிந்தால் போதும், அதன்பின் யார் வைரத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தை வைத்து வாங்கி விற்கும் சர்வர் என்றால் கடைகள் அன்றோடு படுத்துவிடும்.

இதற்கு மேல் இன்னொன்று. காசு கொடுத்து வாங்காத லாஞ்சரில் (ஆட்டத்தைத் திறக்கும் மென்பொருளில்) வரும் பசங்களுக்காக 'ஆன்லைன் மோடு' என்பதை அணைத்து வைப்பது நம் பக்கத்தில் வெகு சாதாரணம். அணைத்துவிட்டால், வருகிறவர் யார் என்பதை சர்வர் சரிபார்க்காது. பெயரை வைத்தே அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும். அப்படியானால் ஓபி வைத்திருப்பவரின் பெயரைத் தன் லாஞ்சரில் அடித்து வரும் எவனும் ஓபிதான். வைட்லிஸ்டும் (உள்ளே விடலாம் என்ற பெயர்ப் பட்டியல்) இங்கே காவல் காக்காது, அதுவும் அதே அடையாளத்தைத்தான் பார்க்கும். ஆன்லைன் மோடை அணைத்தே தீர வேண்டுமென்றால், உள்ளே வந்ததும் கடவுச்சொல் கேட்கும் ஆத்மீ போன்ற பிளக்இன் (சர்வரோடு சேர்க்கும் துணை நிரல்) இல்லாமல் சர்வரைத் திறக்காதீர்கள்.

சரியான வழி கஷ்டமும் இல்லை. சாதா சர்வருக்குப் பதில் பிளக்இன் ஏற்கும் 'பேப்பர்' என்ற சர்வர் மென்பொருளை ஏற்றுங்கள். லக்பெர்ம்ஸ் பிளக்இன் போட்டு 'உதவியாளர்' என்று ஒரு குழு அமைத்து, வேலைக்குத் தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள்: யார் எதை உடைத்தார் என்று பார்ப்பது, தொல்லை கொடுப்பவரை வெளியேற்றுவது, அவ்வளவு போதும். யார் என்ன செய்தார் என்று பதிவுசெய்யும் கோர்ப்ரொடெக்ட் பிளக்இன்னை முதல் நாளே போட்டுவிடுங்கள். திருட்டு நடந்தபின் போட்டால் பழைய கதை எதுவும் அதில் இருக்காது. 'கோ இன்ஸ்பெக்ட்' அடித்துவிட்டு செஸ்டை வலது கிளிக் செய்தால் யார் எப்போது எதை எடுத்தார் என்று வரிசையாகக் காட்டும். ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) செய்யும்போது பெயர், நேரம், சுற்றளவு மூன்றையும் கொடுங்கள். பெயரை விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டியதும் சேர்ந்து அழியும். அப்படி ஆகிவிட்டால் உடனே 'கோ அண்டூ'.

ஏற்கெனவே ஓபியை அள்ளிக் கொடுத்தாயிற்றா? ஒருவரிடமிருந்து பிடுங்கினால் தீராது, அவர் வேறு யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாது. சர்வரை நிறுத்துங்கள், ஆப்ஸ் ஜேசான் கோப்பைத் திறந்து பட்டியல் முழுவதையும் பாருங்கள். யாரையும் குற்றம் சொல்லும் முன் லாக்ஸ் ஃபோல்டரைத் தேடுங்கள். பேப்பரில் யார் எந்தக் கட்டளை அடித்தாலும் பெயரோடும் நேரத்தோடும் அங்கே பதிவாகியிருக்கும்.

எல்லார் நேரத்தையும் தின்னும் பண்ணை

சர்வர் நொடிக்கு 20 டிக் (ஆட்டத்தின் துடிப்பு) ஓடும், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். ஒருவருடைய தானாக ஓடும் பண்ணையே அதில் 40ஐ எடுத்துக்கொண்டால், தலைமடைக்காரர் மதகை முழுசாகத் திறந்துவைத்த கதைதான். கடைமடையில் வீடு கட்டுகிறவர் வைத்த பிளாக் திரும்பித் திரும்பி வரும். பேப்பரில் 'எம்எஸ்பிடி' அடித்தால் டிக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரியும். 50ஐத் தாண்டினால் தேட வேண்டியது இவற்றை: மேல்பக்கம் திறந்த ஹாப்பர் (பொருளை உறிஞ்சும் புனல்) வரிசை (ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்போஸ்டர், அதாவது உரத்தொட்டி, வைத்து மூடுங்கள், விழும் பொருளைத் தேடும் வேலை அதற்கு மிச்சமாகும்), நிறுத்த லீவர் இல்லாத ரெட்ஸ்டோன் கிளாக் (விடாமல் துடிக்கும் மின்சுற்று), ஒரே அறையில் அடைத்த ஐம்பது வில்லேஜர். இவற்றைச் சரிசெய்தும் போதவில்லையென்றால் 'சிமுலேஷன் டிஸ்டன்ஸ்' (ஆடுகிறவரைச் சுற்றி ஆட்டம் இயங்கும் தூரம்) 10ஐ 6 ஆக்குங்கள். பண்ணைக்காரர்கள் கத்துவார்கள், கத்தட்டும்.

அறுத்துவிட்டு நடாமல் போவது

ஆட்டத்தில் நெல் கிடையாது, கோதுமைதான். பொன்னிறமாக முற்றியதை மட்டும் அறுங்கள். பச்சையில் அடித்தால் கையில் வருவது விதை மட்டும். பொது வயலில் அறுத்த கையோடு விதையைத் திரும்ப நட வேண்டும். வயலில் குதிக்கக் கூடாது, உழுத மண் சாதா மண்ணாகிவிடும். வரிசைக்கு வரிசை வாய்க்கால் வெட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு தண்ணீர் பிளாக் நாலு பக்கமும் 4 பிளாக் தூரம் ஈரம் காக்கும். 9க்கு 9 வயலின் நடுவில் ஒன்று வைத்தால் 80 கட்டம் நனையும்.

எஃப்3 திரையோடு ஸ்கிரீன்ஷாட்

எஃப்3 விசை அடித்தால் வரும் விவரத் திரை அது, உங்கள் வீட்டின் ஆயத்தொலைவு அதில் இருக்கிறது. போடாதீர்கள்.

அளவு பேசாமல் கோயில் கட்டுவது

பெரிய கோயில் விமானம் 216 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, சுமார் 66 மீட்டர். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்று கட்டினால் 66 பிளாக்கில் முடியும், ஆனால் சிலைகள், 'கூடு' எனும் மாட வேலைப்பாடுகள் எதுவும் தெரியாது. இரண்டு மடங்கென்றால் 132, ஆட்டத்தின் 1.18 பதிப்பு முதல் உயர வரம்பு 320 ஆகிவிட்டதால் தாராளமாக நிற்கும். ஒருவர் விமானத்தை இரண்டு மடங்கிலும் இன்னொருவர் கோபுரத்தை ஒரு மடங்கிலும் எழுப்பிவிட்டு முறைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. நந்தி மண்டபத்தை முதலில் கட்டி, அளவை எல்லாரும் பார்த்து ஒப்புக்கொண்டபின் மேலே போங்கள்.

பக்கத்து வீட்டில் திறக்கும் போர்ட்டல்

உங்களிடமிருந்து சுமார் 128 பிளாக்குக்குள் வேறொருவர் போர்ட்டல் (நெதருக்குப் போகும் வாசல்) வைத்திருந்தால், நீங்கள் நெதருக்குப் போகும்போது அவருடைய போர்ட்டலிலேயே வெளியே வருவீர்கள். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி. உங்கள் எக்ஸ், இசட் இரண்டையும் 8ஆல் வகுங்கள்: 1600, 800 என்றால் நெதரில் 200, 100. அந்த இடத்தில் கையால் ஒரு போர்ட்டல் கட்டினால் இணைப்பு பிரிந்துவிடும். உயரத்தை வகுக்க வேண்டாம்.

போனும் பிசியும்

போனில் ஓடும் பெட்ராக் பதிப்பில் வரும் பசங்க, பிசிக்கான ஜாவா பதிப்பின் சர்வருக்குள் நேராக நுழைய முடியாது; கைசர், ஃப்ளட்கேட் பிளக்இன் இரண்டையும் போடுங்கள்.

ஓடும்போதே நகல் எடுப்பது

எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நகலெடுத்தால் நகலே பழுதாகலாம். 'சேவ் ஆஃப்', அடுத்து 'சேவ் ஆல் ஃப்ளஷ்', பிறகு வேர்ல்டு ஃபோல்டர்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், கடைசியாக 'சேவ் ஆன்'. பலர் கோட்டைவிடுவது அந்தக் கடைசியைத்தான்: தானாகச் சேமிப்பது அணைந்தே கிடக்கும், கரண்ட் போனால் அதற்குப்பின் கட்டியதெல்லாம் போச்சு. வீட்டு பிசியில் சர்வர் ஓடுகிறதென்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்து, அன்று காலையிலேயே 'ஸ்டாப்' கொடுத்து நிறுத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அறிவிப்பே இல்லாமல் போகும், அதற்கு யூபிஎஸ் வேண்டும், மோடத்துக்கும் சேர்த்து.