பி.ஏ. வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாண்டு வகுப்பில் பாடத்திட்டத்தை விளக்கி முடித்ததும் ஒரு கை உயரும்: "சார், இந்தப் பேப்பருக்கு எந்த கைடு நல்லா இருக்கும்?" நாங்கள் மாணவர்களாக இருந்தபோது சீனியர்களிடம் கேட்டதும் இதையேதான். அதனால்தான் எழுதத் தோன்றியது. வருகைப் பதிவு, அரியர் பற்றியெல்லாம் வீட்டிலும் கல்லூரியிலும் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று யூனிட் போதும் என்று படிப்பது

எனக்கு இன்றுவரை கோபம் வரவைக்கும் தவறு இது. ஒரு தாளுக்கு ஐந்து யூனிட். பல பல்கலைக்கழகங்களில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வின் கடைசிப் பகுதியில் பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து இருக்கும், மூன்று எழுதினால் போதும். உடனே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு யூனிட்டை ஓரங்கட்டிவிட்டு, மீதி மூன்றையும் கைடில் இருக்கிற தலைப்பு வரிசையிலேயே உருப்போடுகிறார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. வருவதால்தான் யாரும் திருத்திக்கொள்வதில்லை.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டும் கேட்கக்கூடிய வினா. "சோழர் காலத்தில் ஊர்தோறும் மக்களாட்சி செழித்தது" என்று கைடு விடை முடியும். நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவர், போட்டித் தேர்வுக்காக நாங்கள் நடத்திய மாதிரி நேர்காணலில் இதை அப்படியே சொன்னார். "அந்த ஊரில் நிலமில்லாத ஒருவருடைய பெயரை ஓலையில் எழுதியிருப்பார்களா?" என்று கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் மூன்று ஆண்டுகளில், அந்த முறையைச் சொல்லும் கல்வெட்டின் வாசகத்தை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, அவரும் தேடிப் போகவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கல்வெட்டுகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. (கி.பி.) 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. படித்துப் பார்த்தால் கைடு சொல்லும் படம் கலைந்துவிடும். அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். சபை என்பது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி இவையெல்லாம் தகுதிகள். நிலம் குறைவாக இருப்பவருக்குக் கூடுதல் கல்வியைக் கணக்கில் எடுத்துச் சலுகை தருகிறார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். அதே சபைதான், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் உள்ளே வர முடியாது என்று கறாராக எழுதி வைக்கிறது. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. அடுத்ததில் 35 முதல் 70. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்த வேண்டி வந்ததென்றால், முதல் ஏற்பாட்டில் என்ன தகராறு நடந்திருக்கும்?

இப்படிக் கேட்கப் பழகத்தான் கலைப் பட்டமே. எழுதியது யார், யாருக்காக, யார் பெயர் விடுபட்டது என்று ஒரு கல்வெட்டைப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர், நாளை ஓர் அரசாணையையும் செய்தித்தாளையும் அப்படியே பார்ப்பார். கைடு அந்தப் பழக்கத்தை வரவே விடாது. மாணவர்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே விடையைக் கொடுத்து வாயடைத்துவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒரு தாளுக்காவது ஒரு மூல ஆவணத்தையும் ஒரு முழுப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள். புத்தகம் வாங்கக் காசில்லை என்பது பலருக்கு உண்மையான சிக்கல், தெரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அப்புறம், நீங்கள் ஒதுக்கிய அந்த இரண்டு யூனிட்டும் போட்டித் தேர்வில் திரும்பி வரும். அங்கே சாய்ஸ் கிடையாது.

அலைடு (துணைப்பாட) தாளை அலட்சியப்படுத்துவது

பொருளியலும் அரசியலறிவியலும் வரலாற்று மாணவருக்கு அலைடாகக் கிடைப்பது வரம். நிலவரி தெரியாமல் சோழர் ஆட்சியும் புரியாது, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியும் புரியாது.

பயிற்று மொழியை யோசிக்காமல் தேர்வது

தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்கள் சிலர், கௌரவமாக இருக்கட்டும் என்று ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்துவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதுகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணி என்றால் பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தேர்வை எந்த மொழியில் எழுதினோம் என்பதை வைத்துத் தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். சேர்ந்த பிரிவு எது என்றுதான் பார்ப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்துவிட்டுக் கடைசி மூன்று ஆண்டில் அந்த உரிமையை இழந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. ஆங்கிலம் வேண்டும்தான். அதற்குப் பாடத்திட்டத்தின் இரண்டாம் பகுதியில் ஆங்கிலத் தாள்கள் இருக்கின்றன, அவற்றை ஒழுங்காகப் படியுங்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் சேர்வது

புதிய பெயரில் பட்டம் என்றால், அரசுப் பணிக்கு அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

முதுகலையில் சட்டென்று பாடம் மாறுவது

ஆர்வத்தால் மாறுவது தப்பே இல்லை. ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகும் எண்ணம் இருந்தால், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ இணையென ஏற்கப்பட்ட பாடத்திலோ இருக்க வேண்டும். எம்.ஏ., பி.எட். இரண்டையும் முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கடைசி அறிவிக்கையை எடுத்து, தகுதிப் பகுதியை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பம் வாங்கப் போங்கள்.